அகதா கிறிஸ்டியின் வாழ்வும் ‘தி பிக் ஃபோர்’ புதினமும்

முன்னுரை

அகதா கிறிஸ்டி 1927 சனவரியில் வெளியிட்ட ‘தி பிக் ஃபோர்’, உலகையே ஆள முனையும் நால்வர் அடங்கிய மறைமுகக் குற்றக்குழுவைத் துப்பறிவாளர் எர்கியூல் புவாரோ எதிர்கொள்ளும் புதினமாகும். இதன் கட்டமைப்பு தளர்ந்தது என்பர் திறனாய்வாளர். அத்தளர்ச்சியை ஆசிரியரின் படைப்பாற்றல் சரிவாகக் கொள்வது பொருந்துமா என்பதை அவரது வாழ்வின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

எழுத்துலக நுழைவு

கிறிஸ்டி 1890 செப்டம்பர் 15 அன்று இங்கிலாந்தின் டார்க்கி நகரில் பிறந்தார். முதல் உலகப்போரின்போது மருத்துவமனை மருந்தகத்தில் பணியாற்றி நஞ்சுகள் பற்றிய அறிவைப் பெற்றார். 1920இல் அவரது முதல் புதினம் வெளிவந்தது. 1924இல் ‘தி ஸ்கெட்ச்’ வார இதழில் குற்றக்குழு பற்றிய பன்னிரண்டு சிறுகதைகளை எழுதினார்.

1926ஆம் ஆண்டு

அவ்வாண்டு ஏப்ரலில் தாயார் மறைந்தார். சூனில் ‘ரோஜர் அக்ராய்ட்’ கொலை பற்றிய புதினம் வெளிவந்து பெரும்புகழ் ஈட்டியது. ஆகஸ்டில் கணவர் ஆர்ச்சிபால்ட் வேறொரு பெண்ணை விரும்புவதாகக் கூறி மணவிலக்குக் கோரினார். டிசம்பர் 3 இரவு வீட்டைவிட்டு வெளியேறிய கிறிஸ்டி, பதினொரு நாள்களுக்குப்பின் ஹாரோகேட் நகர விடுதியொன்றில் கண்டறியப்பட்டார். விடுதிப் பதிவேட்டில் அவர் அப்பெண்ணின் குடும்பப் பெயரையே தமக்கு இட்டிருந்தார்.

புதினம் உருவான முறை

துயரால் புதிதாக எழுத இயலாத அக்காலத்தில், கணவரின் உடன்பிறந்தாரான கேம்பெல் கிறிஸ்டியின் துணையுடன் பழைய பன்னிரண்டு கதைகளும் இணைக்கப்பட்டுப் புதினமாயின. இயல்தோறும் தனித்தனிக் குற்றம் அமைவதும், குற்றக்குழு அவற்றைக் கோக்கும் நூலாக மட்டும் நிற்பதும் இதனாலேயாம். அச்சேறிய வரிசையில் ‘அக்ராய்ட்’ புதினத்திற்கு இது பிந்தியது. எழுதப்பெற்ற வரிசையிலோ முந்தியது. எனவே இதனைச் சரிவின் சான்றாகக் கொள்ளுதல் பொருந்தாது.

முடிவுரை

1928இல் மணவிலக்கு நிகழ்ந்தது. மகளைக் காக்கவும் பொருளீட்டவும் வேண்டிய நிலையில், விருப்பமின்றியே ‘புளூ டிரெயின்’ புதினத்தை எழுதி முடித்தார். அப்போதே தாம் தொழில்முறை எழுத்தாளரானதாகத் தன்வரலாற்றில் அவர் குறித்துள்ளார். 1930இல் தொல்லியலாளர் மாக்ஸ் மல்லோவனை மணந்தார். 1976 சனவரி 12 அன்று காலமானார். தன்வரலாற்றிலும் பதினொரு நாள்கள் பற்றி அவர் விளக்கவில்லை. ‘தி பிக் ஃபோர்’ புதினத்தின் குறைகள் மெய்யே. எனினும், அவை எழுத இயலாத காலத்திலும் எழுத்தைக் கைவிடாத ஒருவரின் வாழ்வுச் சுவடுகள் எனக் கருதலாம்.