கோழிக்கூட்டில் கிடைத்த வெளிச்சம்

வாப்பாவுக்கு இடமாற்றம் கிடைத்து நாங்கள் கண்டியிலிருந்து களுத்துறைக்கு வந்தபோது, புது வீட்டில் நான் முதலில் செய்த வேலை கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல் போட்டதுதான். களு கங்கைப் பாலம், ஆறு கடலில் சேரும் முகத்துவாரம், சூரியன் மறையும் கடற்கரை என்று ஒன்பது இடங்கள். சாச்சா தந்த பழைய கமரா என் கையில் இருந்தது. கண்டியில் வாசலில் நின்றாலே மலை தெரியும். இங்கோ மதிலும் பக்கத்து வீட்டுக் கூரையும்தான் தெரிந்தன.

தனியாகப் போகக் கூடாது என்று உம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வாப்பாவுக்கு ஓய்வு கிடைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் மழை வந்துவிடும். மூன்று மாதங்களில் பட்டியலில் இரண்டு இடங்களுக்குத்தான் போக முடிந்தது. நல்ல இடங்கள் எல்லாம் வெளியே இருக்க, நான் வீட்டுக்குள் அடைந்து கிடப்பதாக எனக்குப் பெரிய மனக்குறை.

அந்த நாட்களில்தான் வரலாற்றுப் பாடத்தில் கோல்புறூக்–கமரன் சீர்திருத்தம் வந்தது. ராஜகாரிய முறை ஒழியவும் 1833இல் சட்டநிரூபண சபை அமையவும் வழிசெய்த அந்த ஆணைக்குழுவைப் பற்றி நாம் எல்லோரும் மனப்பாடம் செய்திருக்கிறோம். பாடம் முடியும்போது டீச்சர் ஒரு விடயம் சொன்னார். அந்தக் கமரனின் மனைவி உலகப் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர். அவர் நம்முடைய களுத்துறையிலேயே வாழ்ந்தவர். அன்று பின்னேரமே நூலகத்தில் அவரைத் தேடத் தொடங்கினேன்.

ஜூலியா மார்கரெட் கமரன் 1815ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் திகதி கல்கத்தாவில் பிறந்தார். தந்தை கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரி. தாய் பிரெஞ்சு வழிவந்தவர். பிரான்ஸில் கல்வி கற்றார். 1838இல், தன்னைவிட இருபது வயது மூத்த சார்ள்ஸ் ஹே கமரனை மணந்தார். பத்து ஆண்டுகளின் பின் குடும்பம் இங்கிலாந்துக்குப் போனது. 1860இல் வைட் தீவில் ஃபிரெஷ்வாட்டர் என்ற கடலோர ஊரில் வீடு வாங்கினார்கள். இலங்கையில் திம்புள்ளப் பகுதியில் அவர்களுக்கு இருந்த கோப்பித் தோட்டத்தின் நினைவாக அதற்கு டிம்போலா என்று பெயர் வைத்தார்கள்.

1863 டிசம்பரில் கணவர் தோட்ட அலுவலாக இலங்கையில் இருந்தார். தாயின் தனிமைக்குத் துணையாக மகளும் மருமகனும் ஒரு கமராவைப் பரிசாகக் கொடுத்தார்கள். ஆறு பிள்ளைகளைப் பெற்ற அந்தத் தாய்க்கு அப்போது வயது 48. அதற்கு முன் அவர் அந்தக் கலையை முறையாகப் பயின்றவர் அல்லர்.

ஃபிரெஷ்வாட்டர் அழகான ஊர். வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைகள், புல்மேடுகள், கடல் எல்லாம் அங்கு உண்டு. என்னைப் போன்ற ஒருத்தி என்றால் முதலில் அவற்றைத்தான் பட்டியலில் எழுதியிருப்பாள். ஜூலியா கமரன் தேர்ந்தெடுத்த இடம் வளவில் இருந்த கண்ணாடி வைத்த கோழிக்கூடு! கோழிகளைத் திறந்து விட்டுவிட்டு அதைப் படம் எடுக்கும் கூடமாக மாற்றினார். நிலக்கரி போட்டு வைத்த அறை இருட்டறையானது. 1864 ஜனவரியில் ஒரு சிறுமியை எடுத்த படம் அவருடைய முதல் வெற்றியாக அமைந்தது.

அவர் தூரம் போகாததற்குத் தொழில்நுட்பக் காரணமும் உண்டு. அக்காலத்தில் கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற திரவத்தைப் பூசி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, ஈரம் காயும் முன்பே படம் எடுத்துக் கழுவிவிட வேண்டும். எல்லாம் சில நிமிடங்களுக்குள் முடிய வேண்டும். ஆகவே கமரா எங்கே போகிறதோ அங்கே இருட்டறையும் போக வேண்டும். கழுவுவதற்கு நல்ல தண்ணீரும் நிறைய வேண்டும். கைவிரல்கள் கறுத்துப் போகும். இத்தனைக்கும் ஈடுகொடுத்து அவர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தார்.

அடுத்த வீட்டுக் கவிஞர் டெனிசன், விஞ்ஞானி சார்ள்ஸ் டார்வின், வானியலாளர் ஜோன் ஹெர்ஷல் போன்றோர் அவர் கமராவின் முன் அமர்ந்தனர். வீட்டில் வேலை செய்த பெண்களும் அதே கமராவின் முன் அமர்ந்தனர். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வெளிச்சம் விழும்படி செய்து, முகத்தின் பாதியை இருளில் விட்டார். படங்கள் தெளிவாக இல்லை என்று அக்காலப் புகைப்படக்காரர்கள் குறை கூறினார்கள். அவர் தன் வழியை மாற்றிக்கொள்ளவில்லை. இன்று உலகின் பெரிய அருங்காட்சியகங்கள் அப்படங்களைப் பாதுகாத்து வைத்திருக்கின்றன.

1875இல் மீண்டும் ஒரு புது வீடு. கோப்பிச் செடிகளை நோய் தாக்கி வருமானம் குறைந்திருந்தது. பிள்ளைகள் சிலர் ஏற்கெனவே இலங்கையில் இருந்தார்கள். கணவருக்கும் இந்தத் தீவின் மீது தீராத பிரியம். அறுபது வயதில், எண்பது வயதுக் கணவரோடு அவர் கப்பலேறினார். ஒரு பசுவையும் இரண்டு சவப்பெட்டிகளையும் கூடவே கொண்டு வந்தார்களாம். களு கங்கை கடலில் சேரும் இடத்துக்குச் சற்று மேலே, ஆற்றை ஒட்டிய சிறு மேட்டில் அவர்களின் வீடு இருந்தது.

இதை வாசித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. என் பட்டியலில் இருந்த அதே ஆறு, அதே முகத்துவாரம்! ஆனால் அவர் இங்கு எடுத்தவற்றில் இன்று கிடைப்பவை முப்பதுக்கும் குறைவு. அவற்றிலும் பெரும்பாலானவை மனிதர்களின் படங்களே. 1877இல் தாவர ஓவியர் மேரியன் நோர்த் விருந்தாளியாக வந்தபோது, அவரை மத்தியான வெயிலில் தென்னோலைகளின் நடுவே நிறுத்திப் படம் எடுத்தார். விறாந்தையில் அவர் ஓவியம் தீட்டும் காட்சியையும் எடுத்தார். இங்கும் வீட்டு வளவுதான் அவருடைய கலைக்கூடம்.

1879 ஜனவரி 26ஆம் திகதி டிக்கோயாப் பகுதியின் கிளென்கேர்ன் தோட்டத்தில் அவர் காலமானார். பொகவந்தலாவையின் தேவாலய முற்றத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அடுத்த ஆண்டே கணவரும் மறைந்து அவர் அருகில் அடக்கமானார்.

அவருடைய வாழ்க்கை எனக்கு ஆறுதல் தந்தது. ஆனால் ஒரு விடயம் மனதில் முள்ளாகத் தைத்தது. இங்கிலாந்தில் எடுத்த படங்களின் கீழே டெனிசன், டார்வின் என்று பெயர்கள் இருக்கின்றன. இலங்கையில் எடுத்த உள்ளூர் மக்களின் படங்கள் பலவற்றின் கீழே அப்படி இல்லை. ஒரு படத்தின் தலைப்பு களுத்துறைக் குடியானவர்கள் என்று மட்டுமே சொல்கிறது. என் ஊரைச் சேர்ந்த அந்த மனிதர்கள் என்னை நேராகப் பார்க்கிறார்கள். அவர்கள் யார், யாருடைய பிள்ளைகள் என்று கேட்டால் பதில் கிடைக்காது. அது அவர் ஒருவருடைய குறையா, தோட்டத் துரைமார் ஆண்ட அந்தக் காலத்தின் குறையா என்று பலமுறை யோசித்தேன். இரண்டும்தான் என்று எனக்குப் படுகிறது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு எங்கள் குசினியின் பின்கதவைத் திறந்து பார்த்தேன். மதிலுக்கு மேலால் வந்த வெயில் கிணற்றடியில் சரிவாக விழுந்துகொண்டிருந்தது. மூன்று மாதமாக நான் பார்க்காமல் கடந்து போன இடம் அது. பக்கத்து வீட்டு மாமி தேங்காய் வாங்க வந்திருந்தார். அவரிடம் அனுமதி கேட்டு, கிணற்றுக் கட்டில் உட்காரச் சொல்லி ஒரு படம் எடுத்தேன். வெட்கத்தோடு முந்தானையைச் சரிசெய்துகொண்டு சிரித்தார். அதுவரை நான் எடுத்தவற்றில் அதுதான் நல்ல படம் என்று வாப்பாவும் சொன்னார்.

முகத்துவாரத்துக்கும் ஒருநாள் வாப்பாவோடு போவேன். அந்தப் பட்டியலை நான் இன்னும் கிழிக்கவில்லை. ஆனால் அதன் தலையில் இப்போது எங்கள் கிணற்றடி இருக்கிறது. மாமியின் படத்தைப் பிரதி எடுத்து ஒன்றை அவருக்குக் கொடுத்தேன். என்னிடம் உள்ள பிரதியின் பின்பக்கத்தில் அவருடைய முழுப் பெயரையும் ஊரையும் திகதியையும், அவரிடமே கேட்டு, பிழையில்லாமல் எழுதி வைத்திருக்கிறேன்.