தேயிலை மலையில் ஒலித்த பாட்டு

துயருறும் மக்களின் நிலையைப் பிறர் உணரச் செய்வதில் கலைக்குத் தனியிடம் உண்டு. ஆப்பிரிக்க அடிமைகளை இடைவெளியின்றி அடுக்கி ஏற்றிய ‘புரூக்ஸ்’ கப்பலின் வரைபடம் 1788இல் இங்கிலாந்தில் அச்சாகிப் பரவியது. அடிமை வணிகத்தை எதிர்த்தோருக்கு அப்படமே பெருந்துணையாயிற்று. 1807இல் பிரித்தானியச் சட்டம் அவ்வணிகத்தைத் தடை செய்தது.

இலங்கை மலையகத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் அழைத்துச் சென்ற தமிழர்கள் விலைக்கு வாங்கப்பட்ட அடிமைகள் அல்லர். எனினும், தீராத கடன் அவர்களைத் தோட்டத்தோடு பிணைத்தது. கடன் தொகையைக் குறித்த ‘துண்டு’ இல்லாமல் வேறு தோட்டத்திற்குச் செல்ல இயலாது. அம்முறை 1921இல் சட்டப்படி நீக்கப்பட்ட பின்னும் வறுமையும் அச்சமும் நீங்கவில்லை. அம்மக்களுக்காகத் தம் வாழ்வை ஈந்தவர் கோ. நடேசய்யர்.

தஞ்சை மாவட்டத்தில் 1887இல் பிறந்த நடேசய்யர், ‘வர்த்தக மித்திரன்’ இதழை நடத்தியவர். வணிகர் சங்கப் பணிக்காக இலங்கை சென்றபோது தோட்டத் தொழிலாளரைக் காண விழைந்தார். வெளியார் நுழையத் துரைமாரின் இசைவு வேண்டும். எனவே, புடவை வணிகராக வேடம் பூண்டு உள்ளே சென்றார். லயன் அறைகளில் கண்ட வாழ்க்கை அவரது மனத்தை உலுக்கியது. பின்னர் இலங்கையிலேயே குடியேறி, 1921இல் ‘தேசநேசன்’, 1924இல் ‘தேசபக்தன்’ ஆகிய இதழ்களைத் தொடங்கினார்.

ஆயினும், எழுத்தறியாத தொழிலாளரிடம் இதழ் எவ்வாறு பேசும்? இதற்கு விடையாகப் பாட்டைக் கைக்கொண்டார். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மையார் கூட்டங்களில், மக்கள் அறிந்த மெட்டுகளில் பாடினார். பாடல்கள் சிறு வெளியீடுகளாகவும் பரவின. கங்காணியின் கொடுமையையும் கடனின் சூழ்ச்சியையும் காட்டும் ‘தொழிலாளர் அந்தரப் பிழைப்பு நாடகம்’ 1937இல் வெளிவந்தது. தம் துயரைத் தாமே கேட்டவர்கள், அது தலைவிதியன்று, மனிதர் இழைத்த அநீதி என்று உணர்ந்தனர். 1931இல் அவர் அமைத்த தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்திற்கு அவ்வுணர்வே உரமாயிற்று. 1936இல் அட்டன் தொகுதி மக்கள் அவரை அரசாங்க சபைக்கு அனுப்பினர்.

1947இல் நடேசய்யர் மறைந்தார். மறு ஆண்டில் வந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. சட்டம் அவர்களது வாக்கைப் பறித்தது. ஆனால், பாட்டு தந்த விழிப்பைப் பறிக்க இயலவில்லை. அவ்விழிப்பே உரிமைக்கான அவர்களது நெடும்பயணத்திற்கு வழித்துணையாயிற்று.