வால்ட் டிஸ்னி

சிறுவரை நகைக்கச் செய்தல் எளிய தொழில் என்று கருதுவார் பலர். அதனையே பெருந்தொழிலாக நிறுவி, பன்முறை நட்டமுற்றும் தளராது நின்ற ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

வால்ட் டிஸ்னி 1901-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் நாள் அமெரிக்காவின் சிக்காகோ நகரிற் பிறந்தார். இளமையில் மிசௌரி மாகாணத்து மார்சலின் என்னும் சிற்றூர்ப் பண்ணையில் விலங்குகளைக் கண்டு படம் வரைந்து பழகினார். பின்னர்க் குடும்பம் கான்சஸ் நகரத்தை அடைய, விடியற்காலையில் வீடுதோறும் செய்தித்தாள் இட்டு வந்தார். அந்நகரில் அவர் தொடங்கிய சித்திரப்பட நிலையம் 1923-இல் திவாலாயிற்று. மனந்தளராது ஹாலிவுட் சென்று, தமையனார் ராயுடன் கூடி அவ்வாண்டு அக்டோபரிற் புதிய நிலையம் நிறுவினார். கற்பனை தம்பியாரதாகவும், கணக்குத் தமையனாரதாகவும் தொழில் நடந்தது.

1927-இல் அவர்கள் திரையில் உலவவிட்ட ஆஸ்வால்டு என்னும் முயல் யாவரையும் கவர்ந்தது. ஆயின் அதன் உரிமையோ படங்களை வெளியிட்டோர் கையில் இருந்தது. 1928-இல் மிகுதியான பணம் வேண்டிச் சென்ற டிஸ்னி முயலை இழந்தார். தம் ஓவியருட் பெரும்பாலாரையும் இழந்தார். அன்று முதல் தம் படைப்பின் உரிமையைப் பிறர்க்கு விடுவதில்லை எனத் துணிந்தார். உடன்நின்ற அப் ஐவெர்க்ஸ் என்னும் ஓவியரின் துணையால் மிக்கி எலி தோன்றிற்று. ஒலியொடு இயைந்த அதன் படம் அவ்வாண்டு நவம்பர் 18-ஆம் நாள் நியூயார்க்கில் வெளியாகிப் பெரும்புகழ் ஈட்டியது.

அடுத்து, முழுநீளச் சித்திரப்படம் எடுக்க முனைந்தார். திரையுலகத்தார் எள்ளி நகையாடினர். ஏறத்தாழ 15 இலட்சம் டாலர் செலவாயிற்று. வங்கிக் கடனும் பெருகிற்று. எனினும் 1937 டிசம்பரில் வெளிவந்த 'ஸ்நோ ஒயிட்' எள்ளியோரை வாயடைக்கச் செய்தது.

புகழேணியில் ஏறிய அவர்க்கு 1941-இல் ஒரு சோதனை நேர்ந்தது. ஊதியத்தில் ஒழுங்கின்மை, திரையிற் பெயர் காட்டப்பெறாமை முதலிய குறைகளால் நூற்றுக்கணக்கான ஓவியர் வேலைநிறுத்தம் செய்தனர். அதனை நன்றியின்மை என்றே அவர் கொண்டார். முடிவில் தொழிற்சங்கத்தை ஏற்க நேர்ந்தது. தம் முயலைப் பறிகொடுத்து வருந்தியவர், தம்மிடம் பணிசெய்தோரின் உரிமைவேட்கையை உணராது போனது நமக்கு வியப்பையும் வருத்தத்தையும் ஒருங்கே தருகின்றது. பெரியோர் வாழ்வை எழுதுங்கால் இதனை மறைத்தல் முறையன்று.

தம் புதல்வியர் விளையாடுகையில் பூங்காவில் வாளா அமர்ந்திருந்த அவர், பெற்றோரும் மக்களும் ஒருங்கே மகிழ்தற்குரிய இடம் ஒன்று வேண்டும் என எண்ணினார். தொலைக்காட்சி நிறுவனம் ஒன்று நிகழ்ச்சிக்கு ஈடாகப் பொருளுதவி புரிய, 1955 ஜூலை 17-ஆம் நாள் கலிபோர்னியாவின் அனஹைமில் 'டிஸ்னிலாந்து' திறக்கப்பெற்றது.

1966 டிசம்பர் 15-ஆம் நாள் நுரையீரற் புற்றுநோயால் அவர் மறைந்தார். ஓய்வுபெற எண்ணியிருந்த தமையனார், தம்பி கருதிய புளோரிடாப் பூங்காவை முற்றுவித்து, தம்பியின் முழுப்பெயரையே அதற்கு இட்டு, 1971 அக்டோபரில் திறந்தார். அவ்வாண்டு டிசம்பரில் தாமும் மறைந்தார். இழந்த ஆஸ்வால்டு முயலும் 2006-இல் டிஸ்னி நிறுவனத்திடமே மீண்டது.

தோல்வியில் துவளாத ஊக்கத்தை இவர்பாற் கற்போமாக. ஒருவர் பெயரால் விளங்கும் புகழின்பின் பெயர் அறியப்படாத பலர் கைகள் உண்டு என்பதனையும் மறவாதிருப்போமாக.