குறித்த வேளையில் புறப்பட்ட பேருந்து

தஞ்சை மாநகர் 1860களிலேயே இருப்புப்பாதையைக் கண்டுவிட்டது. அங்கிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவிலிருந்த புதுக்கோட்டைக்கோ, தொண்டைமான் மன்னர்களின் தலைநகராக விளங்கியபோதிலும், புகைவண்டி 1929இல்தான் வந்து சேர்ந்தது. அதுவரை வாணிகத்திற்கும் உறவினர் வீட்டு மணவிழாவிற்கும் செல்வோர் மாட்டுவண்டியையோ குதிரைவண்டியையோ நம்பியிருந்தனர். மாட்டுவண்டியில் ஏறினால் ஓரிரவு முழுதும் சாலையிலேயே கழியும். இவ்விரு நகரங்களையும் 1912ஆம் ஆண்டில் பேருந்தால் இணைத்தவர் டி.வி. சுந்தரம் அய்யங்கார்.

நெல்லைச் சீமையின் திருக்குறுங்குடியில் 1877ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் நாள் பிறந்தவர் அவர். தந்தையாரின் விருப்பப்படி சட்டத்துறையில் நுழைந்தார். பின்னர் இரயில்வேயிலும் வங்கியிலும் பணிபுரிந்தார். மாதச் சம்பளம் தரும் வேலையை மேலான பேறாகக் கருதிய காலம் அது. அதனைத் துறந்து, முப்பத்து நான்காம் வயதில், 1911இல் தம் பெயரால் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். இரயில்வேப் பணியில் கண்ட கால அட்டவணை ஒழுங்குதான் பின்னாளில் அவருடைய பேருந்துகளிலும் புகுந்தது என நாம் கருதினால் அது மிகையாகாது.

பேருந்து வாங்குவது பணமுடையோர் எவர்க்கும் இயலும். அதனை நாள்தோறும் ஒரே வேளையில் புறப்படச் செய்வதே அரிது. இருக்கைகள் நிரம்பும்வரை காத்திருந்தால் அன்றைய வருவாய் கூடும். ஆனால் வழியில் காத்து நிற்பவன் நம்பிக்கை இழப்பான். பாதி வெறுமையாய்ப் புறப்பட்டால் அன்று கைப்பொருள் கரையும். எனினும் பயணி மறுநாளும் வருவான். சுந்தரம் அய்யங்கார் தேர்ந்தது இரண்டாவது வழியை. அந்நாளைய சாலைகளோ மண்ணும் கப்பியும் கலந்தவை. மாட்டு லாடங்களிலிருந்து உதிர்ந்த ஆணிகள் சக்கரங்களைத் துளைத்தன. உதிரி உறுப்புகள் கடல் கடந்து வர வேண்டியிருந்தன. ஆகவே நேரம் தவறாமை என்பது சாலையில் மட்டுமன்றிப் பணிமனையிலும் காக்கப்பட வேண்டியதாயிற்று. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு பேருந்துகள் பெருகியபோது, டி.வி.எஸ். வண்டி கடக்கும் வேளையைக் கொண்டு கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்னும் பேச்சு மக்களிடையே வழங்கலாயிற்று. விளம்பரத்தால் பெறக்கூடிய புகழன்று இது.

இரண்டாம் உலகப் போர் அந்தப் புகழுக்குச் சோதனையாக வந்தது. பெட்ரோல் அருகிற்று, வண்டிகள் பல ஊர்களில் முடங்கின. அவரோ கரிவாயுக் கலமொன்றை வடிவமைத்து உருவாக்கினார். அடுப்புக்கரியைக் குறைந்த காற்றில் எரியவிட்டு, அதில் எழும் வாயுவைத் தூய்மைப்படுத்தி இயந்திரத்திற்குச் செலுத்தும் முறை அது. பெட்ரோலின் விசை அதற்கில்லை. மேட்டில் வண்டி திணறும். விடியற்காலை வண்டி எடுக்க வேண்டுமாயின் அதற்கும் முன்னரே கரியை மூட்டிக் கனலச் செய்தாக வேண்டும். ஆயினும் வண்டி ஓடிற்று என்பதே பெரிது. தேய்ந்த டயர்களுக்கு மறுவாழ்வளிக்கும் தொழிற்கூடமும் அவரால் தோன்றியது.

புதல்வர் ஐவரும் அவருடைய தொழிலில் துணைநின்றனர். இளமையிலேயே கணவரை இழந்த மகள் சௌந்தரமோ மருத்துவம் பயின்று, 1947இல் கணவர் ஜி. இராமச்சந்திரனுடன் இணைந்து காந்திகிராமத்தை நிறுவினார். தந்தையின் வரலாற்றினும் மகளின் வரலாறு துணிவு மிக்கது; அதனைத் தனியே எழுதுதல் வேண்டும்.

1955ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் சுந்தரம் அய்யங்கார் மறைந்தார். அப்பொழுது சதர்ன் ரோட்வேஸ் என்னும் பெயரில் அவர்தம் பேருந்துகளும் சரக்குந்துகளும் ஓடிக்கொண்டிருந்தன. 1972இல் மதுரை வட்டாரப் பேருந்துகள் நாட்டுடைமையாகிப் பாண்டியன் போக்குவரத்துக் கழகத்தின் வசமாயின. வழித்தடங்கள் கைமாறின, அவர் வழிவந்தோர் அதற்கு முன்னரே வண்டிகளுக்கான உறுப்புகளைச் செய்யும் தொழிலில் கால் ஊன்றியிருந்தனர்.