கம்பியில்லாத் தந்தியும் ஜகதீச சந்திர போஸும்

கைத்தொலைபேசியில் ஊருக்குப் பேசுகிறோம். சரக்கு ஏறிற்றா என்று கேட்கிறோம். பணம் போய்ச் சேர்ந்ததா என்று விசாரிக்கிறோம். பெர்மாஸ் ஜெயாவிலுள்ள நம் கடைக்கும் தமிழ்நாட்டிலுள்ள நம் வீட்டிற்கும் இடையே கைக்குத் தெரிந்த கம்பி ஒன்றும் இல்லை. கம்பியில்லாத் தந்தியைக் கண்டவர் யார் என்று கேட்டால் மார்க்கோனி என்பார்கள். அது தவறன்று. ஆனால் அதே காலத்தில் கல்கத்தாவில் ஓர் ஆசிரியர் அந்த வேலையில் இறங்கியிருந்தார் என்பதை நம்மில் பலர் அறியார்.

ஜகதீச சந்திர போஸ் 1858 நவம்பர் 30-ஆம் நாள் மைமன்சிங் நகரில் பிறந்தார். அது இன்று பங்களாதேஷைச் சேர்ந்தது. தகப்பனார் பகவான் சந்திர போஸ் சர்க்கார் உத்தியோகஸ்தர். அக்காலத்து உத்தியோகஸ்தர்கள் தம் பிள்ளைகளை இங்கிலீஷ் பள்ளிக்கு அனுப்புவதையே கௌரவமாக நினைத்தார்கள். இவரோ மகனை வங்காளிப் பள்ளியில் சேர்த்தார். அங்கே சிறுவன் போஸின் வலப்பக்கம் அமர்ந்தவன் தகப்பனாரிடம் வேலை பார்த்த முஸ்லிம் சேவகரின் மகன். இடப்பக்கம் அமர்ந்தவன் மீனவர் மகன். வீட்டிற்கு வந்தால் தாயார் எல்லாருக்கும் ஒன்றுபோலச் சோறு போடுவார். பெரியவரான பின்பும் போஸ் இதை மறக்கவில்லை, மேடையிலேயே சொன்னார்.

கல்கத்தாவிலும் பிறகு கேம்பிரிட்ஜிலும் படித்து, 1885-இல் கல்கத்தா பிரசிடென்சி காலேஜில் பௌதிக ஆசிரியரானார். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. வெள்ளைக்காரருக்கு முழுச் சம்பளம். அதே வேலைக்கு இந்தியருக்கு மூன்றில் இரண்டு பங்கு. வேலை தற்காலிகம் என்று காரணங்காட்டி அதிலும் பாதியே போஸுக்கு என்றார்கள். அவர் சண்டை போடவில்லை, வேலையை விடவுமில்லை. பாடம் நடத்தினார், சம்பளத்தைத் தொடவில்லை. இப்படி மூன்று ஆண்டுகள்! தகப்பனாரோ தொழில்களில் பணம் போட்டு நஷ்டமடைந்து கடனில் இருந்த நேரம். கடைசியில் சர்க்கார் இறங்கிவந்து, முழுச் சம்பளத்தைப் பழைய பாக்கியோடு கொடுத்தது. அந்தப் பணம் தகப்பனாரின் கடனை அடைக்கப் போயிற்று.

ஆராய்ச்சிக்குக் காலேஜில் அவருக்குக் கிடைத்தது குளியலறையை ஒட்டிய ஒரு சிற்றறை. கருவி செய்து கொடுத்தவர் ஓர் உள்ளூர்த் தகரவேலைக்காரர். அவரை வைத்துக்கொண்டே போஸ் ஐந்து மில்லிமீட்டர் அளவுள்ள மிகச் சிறிய மின் அலைகளை உண்டாக்கினார். ஜெர்மானியர் ஹெர்ட்ஸ் முதலில் காட்டிய அலைகள் இவற்றைவிட மிகப் பெரியவை. 1895-இல் கல்கத்தா டவுன் ஹாலில் பொதுமக்கள் முன்னிலையில், சுவரையும் ஆள் உடம்பையும் ஊடுருவிச் சென்ற அலை, எழுபத்தைந்து அடிக்கு அப்பால் மணியை அடித்தது, வெடிமருந்தைக் கொளுத்தியது.

1897-இல் லண்டனில் கருவிகளைக் காட்டினார். எதையும் மறைக்கவில்லை. மார்க்கோனி அதே ஆண்டில் காப்புரிமை பெற்றுக் கம்பெனியும் தொடங்கிவிட்டார். 1901-இல் போஸ் மறுபடி லண்டனில் இருந்தபோது, ஒரு தந்திக் கம்பெனி முதலாளி விண்ணப்பத்தாளோடு வந்து, காப்புரிமை எடுங்கள், செலவு என்னுடையது, லாபத்தில் பாதி எனக்கு என்று மன்றாடினார். போஸ் மறுத்துவிட்டார். கோடீஸ்வரர் ஒருவர் இப்படிக் கையேந்துவதைக் கண்டு வருந்தித் தம் நண்பர் தாகூருக்குக் கடிதம் எழுதினார்.

கடைக்காரன் என்ற முறையில் எனக்கு இதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. லாபம் வேண்டாம் என்பது வேறு, கணக்கில் எழுதாமல் விடுவது வேறு. நாம் கொடுத்த கடனுக்கு வட்டி வாங்குவதில்லை. அதற்காக எழுதி வைக்காமல் விடுகிறோமா? 1901 டிசம்பரில் அட்லாண்டிக் கடலைத் தாண்டி வந்த சைகையை மார்க்கோனி கேட்டது பாதரசத்தாலான ஒரு கருவியைக் கொண்டு. போஸ் 1899-இலேயே இரும்பும் பாதரசமும் கொண்ட அத்தகைய கருவியை லண்டன் ராயல் சொசைட்டிக்கு விவரித்திருந்தார். அதன் வழி வந்ததே இது என்று 1998-இல் ஓர் ஆராய்ச்சியாளர் அமெரிக்கப் பொறியாளர் சங்க ஏட்டில் எழுதினார். அதற்குள் ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஓடிவிட்டன. மார்க்கோனிக்கு நோபல் பரிசு 1909-இலேயே கிடைத்துவிட்டது. ஆனால் ஒன்று: கடல் தாண்டிச் செய்தி அனுப்பியது மார்க்கோனியின் உழைப்பே. போஸ் அந்த வியாபாரத்தில் இறங்கவே இல்லை.

நண்பர்கள் விடாமல் வற்புறுத்தியதால் காப்புரிமை எடுக்க இணங்கினார். 1904 மார்ச் 29-ஆம் நாள் அமெரிக்காவில் பதிவான காப்புரிமையின் எண் 7,55,840. கலீனா என்னும் ஈயக் கனிமத்தால் அலையைக் கண்டறியும் கருவி அது. பிற்காலத்தில் ஏழை வீடுகளிலும் பாடிய கிரிஸ்டல் ரேடியோவின் உயிர் அத்தகைய படிகமே. செமிகண்டக்டர் என்று இன்று பினாங்குத் தொழிற்சாலைகளில் நாம் கேட்கும் இனத்தைச் சேர்ந்ததே கலீனாவும். போஸ் இதிலும் ஒரு காசு தேடவில்லை; காலாவதியாக விட்டுவிட்டார்.

பிறகு அவர் கவனம் செடிகொடிகளின் உணர்ச்சி பற்றிய ஆராய்ச்சிக்குத் திரும்பிற்று. 1917-இல் தம் பிறந்தநாளன்று கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்தார். அங்கே காணப்படும் எதற்கும் காப்புரிமை எடுக்கப்படாது என்பதைத் திறப்பு விழாவிலேயே அறிவித்தார்.

1937 நவம்பர் 23-ஆம் நாள் கிரிடி என்னும் ஊரில் காலமானார். எழுபத்தொன்பது நிறைய இன்னும் ஒரு வாரம் இருந்தது. அவருடைய கருவிகள் கல்கத்தாவில் அந்த நிலையத்தின் காட்சிச்சாலையில் வைக்கப்பட்டிருக்கின்றன.