கெடு தாண்டினால் கோர்ட் கதவு மூடிவிடுமா? முத்துசாமி ஐயர் காலத்திலேயே வந்த விடை!

சென்னை ஐகோர்ட்டுக்குள் போனவர்கள் அந்தச் சிலையைப் பார்த்திருப்பீங்க. தலைப்பாகையோடு, வெறுங்காலோடு அமர்ந்திருப்பவர் சர் டி.முத்துசாமி ஐயர்.

யார் இவர்?

1832-ல் தஞ்சாவூர் பக்கம் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். சின்ன வயசிலேயே அப்பா இறந்துவிட, மாசம் 1 ரூபாய் சம்பளத்தில் கிராமக் கணக்கு வேலை. பையனின் கூர்மையைக் கவனித்த தாசில்தார் ஒருவர், மெட்ராஸுக்கு அனுப்பிப் படிக்க வைத்தார். பிறகு தரங்கம்பாடியில் முன்சீப், மெட்ராஸில் மாஜிஸ்திரேட் எனப் படிப்படியாக உயர்ந்தார்.

1878-ல் மெட்ராஸ் ஐகோர்ட் நீதிபதியானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர்தான். ஆங்கிலேயர்களின் பத்திரிகைகள் கடுமையாக எதிர்த்தன. அதற்குப் பதிலடி கொடுக்கவே ஆறு இளைஞர்கள் 'தி இந்து'வைத் தொடங்கினார்கள். 1893-ல் தற்காலிகத் தலைமை நீதிபதி. 1895-ல் பதவியில் இருக்கும்போதே மறைந்தார்.

1890 தீர்ப்பு என்ன?

அவர் நீதிபதியாக இருந்த காலத்தில், 1877-ம் ஆண்டு காலவரையறைச் சட்டம் அமலில் இருந்தது. போதிய காரணம் இருந்தால், கெடு முடிந்த பிறகும் அப்பீலை ஏற்கலாம் என்றது அது. சரி, எது போதிய காரணம்? சட்டம் சொல்லவில்லை. 1890-ல் மெட்ராஸ் ஐகோர்ட் வழி சொன்னது: அலட்சியம், சும்மா இருந்தது, கெட்ட எண்ணம் இவை எதுவும் இல்லையென்றால், நீதி கிடைக்கும்படி தாராளமாகவே பொருள் கொள்ள வேண்டும். 1961-ல் சுப்ரீம் கோர்ட்டும் இதை எடுத்துக்காட்டியது.

அப்போ எப்ப வேணும்னாலும் போகலாமா?

முடியாது. கெடு முடிந்ததும், ஜெயித்தவருக்கும் ஓர் உரிமை வந்துவிடுகிறது. அதனால் காரணத்தை நிரூபித்தாலும் மன்னிப்பது நீதிபதியின் விருப்புரிமைதான். அதைக் கேட்டு வாங்க முடியாது என்பதையும் 1961 தீர்ப்பே சொல்லிவிட்டது.

இன்னொன்று முக்கியம். இப்போதுள்ள 1963 சட்டத்தின் 5-வது பிரிவு அப்பீல், மனுக்களுக்கு மட்டும்தான். புதிதாகப் போடும் வழக்குக்கு இல்லை. நண்பருக்குக் கடன் கொடுத்து 3 வருஷக் கெடுவைத் தவறவிட்டால், 'உடம்பு சரியில்லை' என்ற காரணம் உங்கள் வழக்கைக் காப்பாற்றாது. ஆனா, நல்லெண்ணத்தோடும் அக்கறையோடும் அதிகாரமில்லாத நீதிமன்றத்தில் வழக்கை நடத்தியிருந்தால், அந்த நாட்களை 14-வது பிரிவின்படி கழித்துக்கொள்ளலாம்.

தாமதமாகிவிட்டதா? ஆஸ்பத்திரிச் சீட்டு, தபால் ரசீது என நாள்வாரியாக எடுத்து வையுங்கள். நீதிபதி பார்க்கப்போவது எத்தனை நாள் தாமதம் என்பதைவிட, ஏன் தாமதம் என்பதைத்தான்.