கோதுமை விதை தேடிய விஞ்ஞானி

பனியே காணாத நாட்டில் வளர்ந்தவன் நான். குளிர் பட்டால்தான் கதிர்விடும் கோதுமையும் உண்டு என்று படித்தபோது வியந்தேன். குளிர்காலக் கோதுமையை இலையுதிர் காலத்தில் விதைப்பார்கள். முளைத்த பயிர் பனியைத் தாங்கிக் கிடந்து, வசந்தத்தில் வளரும். அந்த மண்ணுக்கு ஒவ்வாத ரகத்தைத் தேர்ந்தெடுத்தால், உறைபனியில் பயிர் மடியும். அல்லது துரு நோய் தாக்கும்.

ஏற்ற ரகம் எங்கே கிடைக்கும்? இக்கேள்விக்கு வாழ்நாளையே கொடுத்தவர் ரஷ்ய விஞ்ஞானி நிக்கொலாய் வாவிலோவ்.

1887இல் மாஸ்கோவில் பிறந்த அவர், வேளாண்மை பயின்று, பயிர்களின் நோய் எதிர்ப்பாற்றலை ஆராய்ந்தார். 1917இல் சராத்தோவ் நகரில் பேராசிரியரானார். 1921இல் வோல்கா பகுதியைப் பெரும் பஞ்சம் தாக்கியது, இலட்சக்கணக்கானோர் மாண்டனர்.

ஒரு பயிர் முதலில் தோன்றிய இடத்தில்தான் அதன் வகைகள் மிகுந்திருக்கும் என்று அவர் கருதினார். எனவே 1924இல் ஆப்கானிஸ்தான், பிறகு எத்தியோப்பியா என ஐந்து கண்டங்களிலும் விதை தேடினார். 1940க்குள் அவரது நிலையத்தில் சுமார் 250,000 மாதிரிகள் சேர்ந்தன. குளிர், வறட்சி, நோய் ஆகியவற்றைத் தாங்கும் பண்புகள் அவற்றுள் இருந்தன. ஆனால், அவற்றைக் கலந்து நல்ல ரகம் உருவாக்கப் பல ஆண்டுகள் பிடிக்கும்.

ஆட்சியாளர்களுக்குப் பொறுமை இல்லை. அப்போது லைசென்கோ என்பவர், குளிர்காலக் கோதுமை விதையை நனைத்துக் குளிரூட்டி வசந்தத்தில் விதைக்கலாம் என்றார். அது ஓரளவு உண்மைதான். ஆனால் அப்படி மாறிய இயல்பு அடுத்த தலைமுறைக்கும் செல்லும் என்றார், மரபணுக்களையே மறுத்தார். ஸ்டாலின் அவரை ஆதரித்தார். வாவிலோவ் எதிர்த்து நின்றார்.

1940 ஆகஸ்டில், உக்ரேனில் விதை சேகரித்துக்கொண்டிருந்தபோது அவர் கைதானார். 1943 ஜனவரியில், தாம் பாடம் நடத்திய அதே சராத்தோவ் நகரின் சிறையில், பட்டினியால் உயிர் துறந்தார். அப்போது வயது 55.

ஜெர்மன் படை லெனின்கிராட்டை முற்றுகையிட்டபோது, அவரது நிலைய ஊழியர்கள் பலர் நெல், கோதுமை மூட்டைகளுக்கு நடுவிலேயே பசியால் இறந்தனர். விதைகளை உண்ணவில்லை. 1955இல் வாவிலோவ் குற்றமற்றவர் என அறிவிக்கப்பட்டார். இன்று அந்நிலையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

மாணவர்களே, விரைவான விடை கேட்டு உலகம் நம்மை நெருக்கும்போதெல்லாம் நான் வாவிலோவை நினைத்துக்கொள்கிறேன். சரியான விடைக்குக் காலம் பிடிக்கும். அதைச் சொல்லத் துணிவும் வேண்டும்.